பகிராத புட்டி

ஜெலிமோவின் வயிற்றைக் குறை சொல்ல முடியாது. இரவில் மலை போல் குவித்த உகாலியை, அந்த மக்காச்சோளக் களியை, கீரையோடு ஒரு பிடி பிடிப்பாள். விடிந்ததும் வெறும் வயிற்றோடு ஓடுவாள். கென்யாவின் இட்டென் மேட்டில் எல்லோரும் அப்படித்தான். ஓடி முடித்த பிறகுதான் பால் தேநீர். ஆனாலும் கடந்த இரண்டு மாரத்தானிலும் முப்பத்தைந்தாவது கிலோமீட்டரில் அவள் கால்கள் கைவிரித்துவிட்டன.

காரணம் தெரிந்தபோது பயிற்சியாளர் கிபெட் தலையில் அடித்துக்கொண்டார்.

"அஞ்சு கிலோமீட்டருக்கு ஒருதரம் சர்க்கரைத் தண்ணி வெச்சேனே, என்ன பண்ணின?"

"ஒரு வாய் குடிச்சிட்டுப் பக்கத்துல ஓடறவகிட்ட குடுத்தேன். பாத்துட்டிருக்கறவ முன்னாடி முழுசையும் எப்படி சார் குடிக்கறது?"

"தானத்துக்குப் பதக்கம் குடுக்கற போட்டி இன்னும் வரலம்மா."

சனிக்கிழமை தேர்வு ஓட்டம், முப்பத்தெட்டு கிலோமீட்டர். பயிற்சி முகாமிலிருந்து ஒருத்திக்குத்தான் வெளிநாட்டுப் போட்டியில் இடம். ஜெலிமோவுக்கு வயது முப்பத்து மூன்று. இதை விட்டால் வேறு கதியில்லை.

ஆறு வருடமாக அவளோடு ஒரே அறையில் இருக்கும் சலீனாதான் போட்டி. அவளோ கிபெட் தனக்கு வைத்த புட்டியைத் தொடவே மறுத்துவிட்டாள்.

"நடுவழியில புட்டிப்பால் குடிக்க நான் என்ன கைக்குழந்தையா? ராத்திரி தின்னதே போதும்டி."

முப்பதாவது கிலோமீட்டர் வரை இருவரும் தோளோடு தோள் ஓடினார்கள். அங்கே கிபெட் நீட்டிய புட்டியை ஜெலிமோ வாங்கினாள். சலீனாவுக்கு மூச்சு இறைத்தது. அவள் முகம் புட்டியின் பக்கம் திரும்பியதை ஜெலிமோ கடைக்கண்ணால் பார்த்தாள். பார்த்தும், மறுபக்கம் திரும்பிக்கொண்டு கடைசிச் சொட்டுவரை குடித்தாள். திருடித் தின்பது போல இருந்தது.

சிறிது தூரத்தில் சலீனா பின்தங்கினாள். ஜெலிமோவின் கால்கள் இந்த முறை ஏமாற்றவில்லை. நான்கு நிமிட வித்தியாசத்தில் முதலாவதாக வந்தாள். கிபெட் கைதட்டினார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

சலீனா கடைசித் திருப்பத்திலிருந்து நடந்தே வந்து சேர்ந்தாள்.

"எனக்கு வயசாயிடுச்சு சலீனா. இன்னொரு தடவை கூப்பிட மாட்டாங்க."

"தெரியும்டி. ஒரு வாய் வேணுமான்னு கேட்டிருந்தா, 'வேண்டாம், நீயே குடி'ன்னுதான் சொல்லியிருப்பேன்." சலீனா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீ கேக்கவே இல்லையே."