செல்லாத முப்பத்தெட்டு

1

இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு சனிக்கிழமை காலை, அக்கா வீட்டுச் சமையலறையில், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் ஈரக்கையில் திணிக்கப்பட்ட ஒரு படிவத்திலிருந்து வந்தது. 'மொழி ஆசிரியர் சங்கம், செயற்குழு உறுப்பினர் தேர்தல், வேட்பாளர் அறிமுகம், நூற்றைம்பது சொற்களுக்கு மிகாமல்.'

"நீதான் கதை எழுதுறவனாச்சே. என்னைப் பத்தி எழுதிக் குடு. பொய் மட்டும் இருக்கக்கூடாது," என்றாள் அக்கா.

பொய் இல்லாமல் எழுத வேண்டுமென்றால் என்னை எதற்குக் கூப்பிட்டாய் என்று கேட்டேன். இன்னும் இரண்டு வெங்காயம் வந்தது.

முதல் வரைவு: 'இருள் சூழ்ந்த மொழியுலகின் விடிவெள்ளியாக—'
(அடித்துவிட்டாள். விடிவெள்ளிக்கு மத்தியானம் இரண்டு பாடவேளை இருக்கிறதாம்.)

இரண்டாம் வரைவு: 'இருபத்தாறு ஆண்டுகளாகப் பிழைகளை எதிர்த்துத் தன்னந்தனியாகப் போராடி—'
(அடித்துவிட்டாள். அவளுடைய பள்ளியில் இன்னும் நான்கு மொழி ஆசிரியர்கள் இருக்கிறார்கள், படித்தால் கோபித்துக்கொள்வார்கள்.)

மூன்றாவதை அவளே எழுதினாள்: 'எனக்குப் பேச வராது. ஆனால் திருத்த வரும்.'

அவ்வளவுதான். ஆறு சொற்கள். மிச்சமிருந்த நூற்று நாற்பத்து நான்கையும் என்னிடம் கொடுத்துவிட்டாள். நான் எழுதத் தொடங்கியது அவற்றை வைத்துத்தான். எழுத எழுதக் கொஞ்சம் பெருகிவிட்டன.

2

இப்போது அக்காவை வர்ணிக்க வேண்டும். இந்த மாதிரி இடத்தில் கதாசிரியர்கள் பாத்திரத்தைக் கண்ணாடி முன் நிறுத்திவிடுவார்கள். நரையைப் பார்த்துப் பெருமூச்சு விட வைப்பார்கள். என் அக்காவுக்குக் கண்ணாடி பார்க்க நேரமில்லை. அதனால் நானே சொல்கிறேன்: வயது ஐம்பத்து மூன்று. மொழிப்பாடம், ஆறாம் வகுப்பிலிருந்து பத்துவரை. மாணவர்கள் வைத்த பெயர் ஒற்று டீச்சர். எங்கேயாவது ஒரு க், ச், த், ப் விடுபட்டிருந்தால் அவள் கை தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடும். பல் மருத்துவரிடம் வாயைத் திறந்தபடி படுத்திருந்தபோதுகூட, சுவரிலிருந்த அறிவிப்பைக் காட்டி ஏதோ சொல்ல முயன்றாள். வலிக்கிறது போலிருக்கிறது என்று அவர் இன்னொரு ஊசி போட்டுவிட்டார்.

(உறவினர் ஒருவரின் கல்யாணப் பத்திரிகையைத் திருத்தி, திருப்பி அனுப்பியதும் உண்டு. கல்யாணத்துக்குப் போனோம். யாரும் எங்களோடு பேசவில்லை.)

இப்படிப்பட்டவள் தேர்தலில் ஏன் நின்றாள்? அவள் நெஞ்சில் கனன்றுகொண்டிருந்த மாபெரும் லட்சியம் ஒன்று—

இல்லை. காரணம் அவ்வளவு பெரியதல்ல. பக்கத்து வகுப்பில் இருந்தது.

அங்கே ஒரு தற்காலிக ஆசிரியை. ஒன்பது வருடங்களாகத் தற்காலிகம். அவர் வந்த பிறகு நிரந்தரத் தலைமையாசிரியர்கள் மூன்று பேர் வந்து போய்விட்டார்கள். சங்க விதிப்படி தற்காலிக ஆசிரியர் உறுப்பினராக முடியாது. ஆனால் மண்டபத்தைத் திறந்து வைக்கலாம். அச்சகத்துக்கு அலையலாம். கூட்டம் தொடங்குமுன் ஒலிபெருக்கியில் 'ஒன்று, இரண்டு, மூன்று' சொல்லிப் பார்க்கலாம். நான்கு சொல்ல அனுமதியில்லை.

அவரையும் அவரைப் போன்றவர்களையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி அக்கா வருடத்துக்கு ஒரு கடிதமாக மூன்று கடிதம் எழுதினாள். மூன்றுக்கும் ஒரே பதில்: 'தங்கள் கோரிக்கை செயற்குழுவின் பார்வையில் உள்ளது.' மூன்றாவது பதிலில் 'பார்வயில்' என்று இருந்தது. மறுநாளே போய் வேட்புமனு வாங்கிவிட்டாள்.

3

அக்காவை எதிர்த்து நின்றவர் நன்றியுரை சார். பதினெட்டு வருடங்களாகச் செயற்குழுவில் அதே இடத்தில் இருப்பவர். பதினெட்டு வருடங்களாகச் சங்கத்தின் எல்லாக் கூட்டத்திலும் நன்றியுரை சொல்பவர். மின்விசிறிக்குக்கூட நன்றி சொல்லியிருக்கிறார்.

என் முதல் வரைவில் அவர்தான் வில்லன். புதர் மாதிரி ஒரு மீசை வைத்திருந்தேன். அக்கா படித்துவிட்டுத் தாளைக் கீழே வைத்தாள்.

"அவருக்கு மீசையே கிடையாது. நான் ஆபரேஷன் பண்ணிப் படுத்திருந்தப்ப மூணு வாரம் என் கிளாஸையும் சேர்த்து எடுத்தது யாருன்னு நினைக்கிறே?"

மீசையை எடுத்தேன். அதோடு வில்லனும் போய்விட்டார். நல்ல மனிதர் ஒருவர்தான் மிஞ்சினார். நல்ல மனிதரை வைத்துக்கொண்டு கதாசிரியன் என்ன செய்வான், நீங்களே சொல்லுங்கள்.

வாக்குச் சேகரிப்பும் சரிப்பட்டு வரவில்லை. இருவருக்கும் ஒரே பேருந்துத் தடம் என்பதால் சேர்ந்தே போனார்கள். ஆசிரியர் அறைக்குள் நுழைந்ததும் அவரே ஆரம்பிப்பார்: நானும் நிற்கிறேன், டீச்சரும் நிற்கிறார், யாருக்குப் போட்டாலும் நன்றி. அக்கா அறிவிப்புப் பலகைப் பக்கம் போய் நிற்பாள். ஒரு பள்ளியில் அவள் வெளியே வந்தபோது பலகையில் ஏழு இடத்தில் சிவப்பு. அங்கே இருந்தது நான்கு வாக்கு.

தற்காலிக ஆசிரியர்களைச் சேர்ப்பதில் அவருக்கு என்ன ஆட்சேபம் என்று பேருந்தில் ஒருநாள் அக்கா கேட்டாளாம். நெடுநேரம் யோசித்துவிட்டு அவர் சொன்னாராம்: புதிதாக நூறு பேர் வந்தால் நன்றியுரை ஒரு மணி நேரம் ஆகும், யாரையாவது விட்டுவிட்டால் மனது கஷ்டப்படும்.

[அக்காவின் ஓரக்குறிப்பு: இதைக் கிண்டலாக எழுதாதே. அவர் நிஜமாகவே கவலைப்பட்டார்.]

4

தேர்தல் ஒரு பள்ளியின் கூட்ட அறையில் நடந்தது. பகல் பதினொரு மணி. தேர்தல் அதிகாரி ஒரு நூலகர். எந்தக் கட்சியிலும் சேராதவர், எதற்கும் சிரிக்காதவர். வேட்பாளர் ஒவ்வொருவரும் வாக்கு எண்ணிக்கைக்கு ஒரு முகவரை வைத்துக்கொள்ளலாம். அவர் உறுப்பினராக இருக்க வேண்டும் என்று விதியில் இல்லை. அப்படித்தான் நான் உள்ளே போனேன்.

நூலகர் விதியை இருமுறை வாசித்தார். பெயருக்கு நேரே ஒரு சரிக்குறி. சீட்டில் வேறு எந்தக் குறி இருந்தாலும் அது செல்லாது.

பிறகு சீட்டுகள் வழங்கப்பட்டன. உச்சியில் கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்தது: 'வாக்கு சீட்டு'.

ச் இல்லை.

(மொழி ஆசிரியரல்லாத வாசகருக்கு: 'வாக்குச் சீட்டு' என்று இருக்க வேண்டும். பெரிய குற்றமா என்று கேட்கிறீர்கள். அந்த அறையில் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.)

சரிக்குறி போட ஐந்து நொடி போதும். ஆனால் திரைக்குப் பின்னே போன ஒவ்வொருவரும் இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் எடுத்துக்கொண்டார்கள். உள்ளேயிருந்து பெருமூச்சு வந்தது. பேனாவைத் திறக்கும் சத்தம் வந்தது. ஒருவர் பாதியில் தலையை நீட்டி அளவுகோல் கிடைக்குமா என்று கேட்டார். நூலகர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேயிருந்தார்.

அக்கா போனாள். வந்தாள். கடமையை முடித்தவளின் முகம்.

"போட்டியா?" என்றேன்.

"போட்டேன்," என்றாள்.

எதைப் போட்டாள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

5

மொத்தம் அறுபத்தொரு சீட்டுகள். நூலகர் முதல் சீட்டைப் பிரித்தார். சரிக்குறி இருந்தது. மேலே, 'வாக்கு'வுக்கும் 'சீட்டு'க்கும் நடுவே, சிவப்பு மையில் ஒரு ச். "செல்லாது," என்று தனியே வைத்தார்.

இரண்டாவதிலும் ச். செல்லாது. மூன்றாவதில் ச் போட்டதோடு இரண்டு சொற்களையும் ஒரு வளைகோட்டால் சேர்த்திருந்தார்கள். நான்காவதில் வளைகோட்டைக் காணோம். நடுவே ஒரு கோடு, 'பிரித்தெழுதுக' என்ற கட்டளை. ஐந்தாவதின் பின்பக்கம் முழுவதும் குற்றியலுகரத்தின் வகைகள், உதாரணங்களோடு. ஒன்றில் பத்துக்கு ஏழு மதிப்பெண், 'கவனம் தேவை'. இன்னொன்றில், 'பெற்றோரிடம் கையொப்பம் பெற்று வரவும்'.

நன்றியுரை சாரின் சீட்டை யாரும் சொல்லாமலே அடையாளம் தெரிந்தது. சரிக்குறிக்குக் கீழே 'நன்றி' என்று எழுதியிருந்தார். அக்காவின் சீட்டும் அந்தக் குவியலில்தான் கிடந்தது. அந்த ச்-ஐ நான் ஒன்றாம் வகுப்பிலிருந்து பார்த்து வருகிறேன்.

செல்லாதவை முப்பத்தெட்டு. செல்லுபவை இருபத்து மூன்று. அவற்றில் நன்றியுரை சாருக்குப் பதினொன்று, அக்காவுக்குப் பன்னிரண்டு.

ஒரு வாக்கில் அக்கா ஜெயித்துவிட்டாள். நூலகர் ஏற்புப் படிவத்தையும் பேனாவையும் அவள் பக்கம் நகர்த்தினார்.

அக்கா பேனாவைத் தொடவில்லை. என் பக்கம் குனிந்தாள். அவள் முகம் அப்படி வாடி நான் பார்த்ததில்லை.

"தப்பைக் கவனிக்காத பன்னெண்டு பேருடா," என்றாள். "அவங்கதான் என்னைத் தேர்ந்தெடுத்திருக்காங்க."

6

இந்த இடத்தில் வாசகர் சிரித்துவிட்டால் நல்லது. எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை. மூன்று வருடக் கடிதங்கள் இந்த ஒரு கையெழுத்தில் வந்து நின்றன. போட்டால் செயற்குழுவில் அவள் உட்காரலாம். கோரிக்கையை அவளே முன்வைக்கலாம். போடாவிட்டால் மறுதேர்தல், அதில் அந்த முப்பத்தெட்டுப் பேர் யாருக்குப் போடுவார்கள் என்று யாருக்குத் தெரியும்?

அதற்குள் அறையில் வேறு கலவரம். செல்லும் வாக்குப் போட்டது யார் என்று பேச்சு எழுந்தது. யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. தான் கட்டாயம் திருத்தியதாக முதலில் நாற்பது பேர் சொன்னார்கள், பிறகு ஐம்பது, கொஞ்ச நேரத்தில் அறுபத்தொரு பேரும் திருத்தியிருந்தார்கள். அந்தக் கணக்குப்படி செல்லும் வாக்கு ஒன்றுகூட இல்லை.

நன்றியுரை சார் எழுந்தார். யாரையும் குறை சொல்வதற்காக அல்ல, தெரிந்துகொள்வதற்காகத்தான் கேட்கிறேன், அச்சுக்குப் போகுமுன் இதை யாருமே பார்க்கவில்லையா என்றார்.

ஒலிபெருக்கி அருகிலிருந்து குரல் வந்தது. தற்காலிக ஆசிரியை.

"போன வாரமே சொன்னேனே சார். உறுப்பினரா இல்லாதவங்க கருத்துச் சொல்லக்கூடாதுன்னீங்க."

அவர் ஞாபகப்படுத்திப் பார்த்தார். ஞாபகம் வந்தது முகத்தில் தெரிந்தது. பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக அவர் பேச்சு நன்றியில் தொடங்கவில்லை.

"ஆமா," என்றார். "சொன்னீங்க. நான்தான் கேட்கலை."

அப்போதுதான் அக்கா எழுந்தாள். பேச வராது என்று கைப்படவே எழுதிக் கொடுத்தவள். எல்லோரிடமும் ஒன்று சொல்ல வேண்டும் என்றாள். அப்படியானால் இது வாக்கு எண்ணிக்கை அல்ல, விவாதம் என்று நூலகர் தீர்ப்புச் சொன்னார். விவாதத்தின்போது உறுப்பினர் அல்லாதவர்கள் வெளியே இருக்க வேண்டும்.

அந்த அறையில், நூலகரை விட்டால், அப்படிப்பட்டவர்கள் இரண்டே பேர். நானும் தற்காலிக ஆசிரியையும்.

7

ஆக, கதையின் உச்சக்கட்டத்தில் கதாசிரியன் வராந்தாவில் நிற்கிறான். இதை நான் திட்டமிடவில்லை.

கதவில் ஒரு சின்னக் கண்ணாடி. மாற்றி மாற்றிப் பார்த்தோம். அக்கா பேசுகிறாள், கேட்கவில்லை. ஒரு கை படிவத்தின்மேல், மறுகை செல்லாத குவியலின்மேல். நன்றியுரை சார் எழுந்து நிற்கிறார். நூலகர் ஏதோ கேட்கிறார். ஒரு கை உயர்கிறது. பிறகு நான்கைந்து. பிறகு எண்ண முடியாமல். எதற்காக உயர்த்துகிறார்கள் என்றுதான் தெரியவில்லை.

"எத்தனை?" என்றேன்.

"நீங்க கொஞ்சம் தள்ளுங்க," என்றார் தற்காலிக ஆசிரியை. அவர் மூச்சில் கண்ணாடி மங்கியது. முந்தானையால் துடைத்துவிட்டு முதலிலிருந்து எண்ணினார்.

அக்கா உள்ளே என்ன செய்தாள் என்று இரண்டு முடிவுகள் எழுதி அவளிடம் காட்டினேன். ஒன்றில் கையெழுத்துப் போடுகிறாள், கைதட்டல். இன்னொன்றில் படிவத்தைக் கிழித்துப் போடுகிறாள். அதைவிடப் பெரிய கைதட்டல். இரண்டையும் படித்தாள். ஐந்து இடத்தில் திருத்தினாள். இதில் எது நடந்தது என்று கேட்டேன்.

"நிகழ்ச்சிக் குறிப்பு அடுத்த பொதுக்குழுவுலதான் உறுதியாகும். அதுக்கு முன்னாடி வெளியாள்கிட்ட சொல்லக்கூடாது."

"நான் உன் தம்பி."

"உறுப்பினரா?"

அடுத்த பொதுக்குழுவுக்குப் பத்து மாதம் இருக்கிறது. நீங்கள் அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம். உங்களுக்கு நம்பிக்கையுள்ள முடிவை எடுத்துக்கொள்ளுங்கள். நான் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

கைகள் இறங்கின. கதவு திறந்தது. நன்றியுரை சார் தலையை நீட்டினார். என்னைப் பார்க்கவில்லை. தற்காலிக ஆசிரியையைப் பார்த்து, "கொஞ்சம் உள்ள வாங்க," என்றார்.

அவர் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார். ஒன்பது வருடப் பழக்கம். பிறகு ஒரு கணம் நின்றார்.

"எதுக்கு சார்? நாற்காலி எடுத்துப் போடணுமா, இல்ல உட்காரணுமா?"