கார்வின் மண்டியிட்ட ஆட்டம்

என் தம்பி கார்வின் கோடையில் பேஸ்பால் ஆடுவான். இலையுதிர்காலம் வந்தால் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஃபுட்பால் ஆடப் போய்விடுவான். இரண்டையும் தொழிலாக ஆடியவர்கள் எங்கள் அலபாமாவில் அபூர்வம். சர்ச்சில் பாஸ்டர்கூட அவன் பெயரைச் சொல்லித்தான் ஜெபத்தை முடிப்பார்.

ஒரு வருஷம் ஆகஸ்டில் என் வீட்டில் பொரித்த கெளுத்தி தின்றுகொண்டிருந்தான். கையிலிருந்து முள்கரண்டி விழுந்தது. எடுக்கப் பார்த்தான், விரல்கள் மடங்கவில்லை.

"போன ஃபுட்பால் சீசன்ல கழுத்துல அடி வாங்குனேன்லக்கா, அதுலேர்ந்து இப்படித்தான். திடீர்னு கை செத்துப்போகுது. அப்புறம் வந்துடுது."

"டாக்டர்கிட்ட சொன்னியாடா?"

"சொன்னா ரெண்டு ஆட்டமும் போச்சு. நீயும் வாயத் திறக்காத, வெர்னா."

கெஞ்சினேன், திட்டினேன். கேட்கவில்லை.

அந்த வருஷத்தின் முதல் ஃபுட்பால் ஆட்டத்துக்கு அம்மாவோடு போனேன். அம்மா எழுந்து நின்று, "பாருங்கடா என் புள்ளைய!" என்று கத்திக்கொண்டிருந்தாள். நான் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கார்வின் கையில் பந்து வந்தது. ஓடினான். எதிரணியின் தடியன் ஒருவன் தலையைக் குனிந்துகொண்டு நேராக அவன் மேல் பாய்ந்தான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அரங்கம் திடீரென்று அடங்கியது.

திறந்து பார்த்தால், பந்தை மார்போடு அணைத்தபடி கார்வின் தானாகவே மண்டியிட்டிருந்தான். அப்படிச் செய்தால் அந்த ஓட்டம் அங்கேயே முடிந்துவிடும், யாரும் மேலே பாயக்கூடாது. அவனைப் போன்ற ஓட்டக்காரர்கள் செய்யமாட்டார்கள்.

"முட்டி வலிக்குதா கண்ணு? அம்மாவைக் கூப்பிடு!" என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான். அரங்கமே ஊளையிட்டது. கார்வின் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு, யாரையும் பார்க்காமல் வெளியே நடந்தான்.

படியிறங்கி ஓடினேன். உடைமாற்றும் அறை வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தான்.

"நானா மடக்கலக்கா, காலு தானா மடங்கிடுச்சு. அவன் பாய்ஞ்சப்போ, நான் படுத்த படுக்கையா கெடக்க, அம்மா எனக்கு ஸ்பூன்ல ஊட்டுறாப்ல தெரிஞ்சுது."

அதன்பிறகுதான் மருத்துவமனைக்கு வந்தான். படம் எடுத்துப் பார்த்த டாக்டர், "இன்னொரு அடி பட்டிருந்தா கழுத்துக்குக் கீழ எதுவும் அசைஞ்சிருக்காது" என்றார். அம்மா அவன் கையைப் பிடித்தவள் வீடு வரும்வரை விடவில்லை.

ஃபுட்பால் அன்றோடு முடிந்தது. அறுவைசிகிச்சைக்குப் பிறகு பேஸ்பால் மட்டும் பல வருஷம் ஆடினான். எவ்வளவு வேகமாகப் பந்து வந்தாலும் அசராமல் அடிப்பான். ஆனால் பந்து பிடிக்கக் களத்தில் நிறுத்தினால், சொந்த அணிக்காரன் ஓடிவரும் சத்தம் கேட்டதுமே கைக்கு வந்த பந்தையும் நழுவவிடுவான். கடைசியில் மட்டைபிடிக்க மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

இப்போதும் என் பிள்ளைகள் ஓடிவந்து கட்டிக்கொள்ளும்போது முதலில் சுவரைப் பிடித்துக்கொள்கிறான். அப்புறம்தான் சிரிக்கிறான்.