தண்டவாளக் கேள்வி

தினமும் காலையில் எழுந்ததும் அடுப்பைப் பற்றவைக்கிறேன். ஒரு டம்ளர் அரிசி போடுகிறேன். அது வேகும் நேரத்தில் வாசலுக்குத் தண்ணீர் தெளித்துக் குளித்துவிடுகிறேன். டிபன் பாக்ஸில் சோறும் முந்தின நாள் குழம்பும். பிறகு உட்கார்ந்து ஷூ போடுகிறேன். லேஸைக் கட்டிக்கொண்டே அடுப்படிப் பக்கம் பார்த்து ஒரு கேள்வி கேட்கிறேன்.

"தூரத்துல ரயில் வருது. நின்னு கேக்கிறவனுக்குச் சத்தம் இல்ல. தண்டவாளத்துல காத வச்சவனுக்கு மட்டும் கேக்குது. ஏன்?"

இன்னொரு லேஸைக் கட்டி முடிக்கும்வரை காத்திருக்கிறேன். பிறகு கதவைப் பூட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறேன்.

நான் தாயில்பட்டிக்குப் பக்கத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். பெயர் மாரிக்கண்ணன். என் மனைவி பொன்மணி பட்டாசுக் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். எட்டாவதோடு நின்றவள். எனக்கு வேலை கிடைத்த பிறகும் அவள் நிற்கவில்லை. இந்த சீசன் முடியட்டும், பத்தாவது பரீட்சைக்குத் தனியாகப் பணம் கட்டி எழுதுகிறேன் என்றாள். போன ஆவணியில் அவள் வேலை பார்த்த அறை வெடித்தது. இப்போது மாசி.

அவளுக்கு நான் பாடம் எடுத்ததில்லை. அவளுக்கு அது பிடிக்காது. தினமும் காலையில் அவள் கிளம்பும்போது ஒரு கேள்வி கேட்பேன். கம்பெனியில் கை வேலை செய்ய, அவள் அதை யோசிப்பாள். சாயங்காலம் வந்து, முகம் கழுவும் முன்னே பதில் சொல்வாள்.

நிலைமம் பற்றிக் கேட்ட நாளில் சொன்னாள்: "கம்பெனி வேன் நின்னுருச்சு. நான் நிக்கல. ராமுத்தாய் அக்கா மடியில போய் உக்காந்துட்டேன். அதானே?"

"அதேதான்."

"அப்பம் அக்காகிட்ட திட்டு வாங்குனதுக்கு மார்க்கு உண்டா?"

ரயில் கேள்வி அவளே கொண்டுவந்தது. சாத்தூர் ஸ்டேஷனில் பையன்கள் தண்டவாளத்தில் காதை வைத்துப் படுத்திருந்ததைப் பார்த்துவிட்டு ஏன் என்று கேட்டாள். அதையே மறுநாள் காலைக் கேள்வியாகத் திருப்பிக் கேட்டேன். அந்த மறுநாள்தான் ஆவணியில் அறை வெடித்த நாள்.

எங்கள் பிள்ளைகள் தேர்வு எழுதும்போது தரையில் உட்கார்ந்துதான் எழுதுவார்கள். செருப்பெல்லாம் வராந்தாவில் கிடக்கும். நான் ஷூ போட்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். அன்று ஒளியியல் பாடத்தில் சிறு தேர்வு. பாதியில் வகுப்பு மொத்தமும் எழுதுவதை நிறுத்தியது. எல்லோரும் உள்ளங்கையைத் தரையில் வைத்தார்கள். உதடுகள் மட்டும் அசைந்தன.

"என்னலே, எழுதுங்க" என்றேன்.

யாரும் நிமிரவில்லை. அதற்குப் பிறகுதான் சத்தம் வந்தது. ஜன்னல் கதவுகள் அடித்துக்கொண்டன.

கடைசி வரிசையில் இருக்கும் முனியராஜ் ஆறு விரலைக் காட்டினான். "கெழக்க சார். ரெண்டு கிலோமீட்டரு."

இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முதலில் காலுக்குத் தெரியும். காதுக்கு வர நேரமாகும். நடுவில் மூன்று எண்ணினால் ஒரு கிலோமீட்டர். சத்தம் வந்த திசையும் சேர்ந்தால் எந்தக் கம்பெனி என்று தெரிந்துவிடும். கிழக்கே ரெண்டு கிலோமீட்டரில் அம்மா வேலை பார்க்கும் பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். வேல்விழி முதலில் நின்றாள். நான் கடைசியாக எழுந்தேன்.

வேல்விழியின் அம்மா கருப்பம்மாளுக்கும் அதே அறைதான். அப்போது தண்ணீர்த் தொட்டிக்குப் போயிருந்தாள். அதனால் பிழைத்தாள். பொன்மணி கடைசியாக என்ன சொன்னாள் என்று கருப்பம்மாள் எல்லோரிடமும் சொன்னாள். உடலை எடுத்த அன்று, "எங்க வீட்டுக்காரரப் பாத்துக்கிடுங்கன்னா" என்றாள். கருமாதியில், "முருகான்னு கூப்பிட்டா" என்றாள். தொட்டி இருக்கும் இடத்திலிருந்து அறையில் பேசுவது கேட்காது. நான் போய்ப் பார்த்தேன்.

மார்கழியில் அரையாண்டுத் தேர்வு. வினாத்தாள் மாவட்டம் முழுவதற்கும் ஒன்று. ஏழாவது கேள்வி: தண்டவாளத்தில் காதை வைத்தால் ரயில் வருவது முன்கூட்டியே கேட்கிறது, காரணம் கூறுக.

அந்தப் பகுதியை நான் நடத்தவில்லை. நடத்த முடியவில்லை. புத்தகத்தில் இரண்டு வரிதான். அந்தப் பக்கம் வரும்போது அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன்.

பிள்ளைகள் வரிசையாக எழுதிக்கொண்டு வந்தார்கள். பிறகு ஒரே நேரத்தில் பேனாக்கள் நின்றன. உள்ளங்கைகள் தரைக்குப் போயின. உதடுகள் அசைந்தன.

இந்தத் தடவை எனக்குப் புரிந்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சத்தத்துக்குக் காத்திருந்தேன். வெளியே வேப்பமரத்தில் ஒரு காக்கை இருந்தது. அதுவும் கத்தவில்லை. பிள்ளைகள் எண்ணிக்கொண்டே இருந்தார்கள். முனியராஜுக்கு விரல் போதாமல் மறுபடி முதல் விரலுக்கு வந்தான்.

"சார், இன்னும் வரல" என்றாள் வேல்விழி.

"லாரி எதுவும் போயிருக்கும்."

"லாரின்னா உருளும் சார். இது தட்டுச்சு. ரெண்டு தட்டு."

ஹெட்மாஸ்டர் கனகசபாபதியிடம் செல்போன் இருந்தது. நாலைந்து பேரிடம் கேட்டார். எங்கும் ஒன்றுமில்லை. கல் குவாரியில் அன்று வேலை இல்லை.

நான் கணக்குப் போட்டேன். எனக்கு வேறு ஒன்றும் தெரியாது. தட்டியது உண்மை, சத்தம் இனிமேல்தான் வரவேண்டும் என்றால், எண்ண எண்ணத் தூரம் கூடிக்கொண்டே போகும். ஒரு நிமிடம் எண்ணினால் சாத்தூரைத் தாண்டிவிடும். மணி அடிக்கும்வரை எண்ணினால் கடலுக்குள் போய்விடும். எண்ணியவர்கள் நிறுத்தினால்தான் அது ஓரிடத்தில் நிற்கும். நான் நிறுத்தச் சொல்லவில்லை.

விடைத்தாள் திருத்தினேன். வகுப்பில் ஒருவர் விடாமல் ஏழாவது கேள்வியை விட்டிருந்தார்கள். எண்ணைப் போட்டு, எதிரே இடம் விட்டு, எட்டாவது கேள்விக்குப் போயிருந்தார்கள்.

கனகசபாபதி என்னைக் கூப்பிட்டார். "மத்ததெல்லாம் நல்லாத்தான் எழுதியிருக்காங்க. உங்க பிள்ளைகளுக்கு ரயில்வே மேல மட்டும் என்ன சார் கோவம்?"

"அதை நான் நடத்தல சார்."

"நடத்தாதத எத்தனையோ அடிச்சு விடுவாங்க. ஒருத்தன்கூடவா கதை எழுத மாட்டான்?" குரலைத் தாழ்த்தினார். "சூலக்கரை கல்வி ஆபீஸ்ல இருந்து மாசியில ஆய்வுக்கு வாராங்க. வாய்மொழியா கேப்பாங்க. பங்குனியில பப்ளிக் எக்ஸாம். அந்த ரெண்டு வரியைச் சொல்லிக் குடுத்துருங்க மாரிக்கண்ணன். பிள்ளைக மார்க்கு."

சரி என்றேன். தை முழுவதும் ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன்.

ஆய்வு அதிகாரி லட்சுமிகாந்தம் அம்மா நேற்று வந்தார். நல்ல மாதிரி. நின்றுகொண்டே கேட்டார். மின்னல் முதலில், இடி பிறகு, ஏன் என்றார். வகுப்பே சொன்னது. கம்பெனி அறைக்குள் நுழையும் முன் ஏன் செம்புத் தகட்டைத் தொடுகிறார்கள் என்றார். முனியராஜ் நிலைமின்னூட்டம் என்று சொல்லி, "நைலான் சேலை கட்டிட்டுப் போனா எங்கம்மாவ வாசல்லயே வெரட்டி விட்டுருவாக மேடம்" என்றான். அதிகாரி அம்மா சிரித்தார். கனகசபாபதியும் சிரித்தார்.

"நல்லது. ரயில் தூரத்துல வருது. தண்டவாளத்துல காதை வைக்கிறோம்..."

கேள்வி முடியும் முன்பே வகுப்பு குனிந்துவிட்டது.

"யாராச்சும் சொல்லுங்க. தப்பானாலும் பரவாயில்லை. நீ சொல்லும்மா."

வேல்விழி எழுந்தாள். கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "தெரியும் மேடம். ஆனா சொல்லப்பிடாது."

"ஏன்?"

"அது பொன்மணி அக்கா எடுத்த தட்டு."

அதிகாரிக்குப் புரியவில்லை. கனகசபாபதிக்கும் எனக்கும் புரிந்தது. கம்பெனியில் காலையில் ஒவ்வொரு பெண்ணும் காகிதக் குழாய் அடுக்கிய தட்டு ஒன்றை எடுத்துத் திரி வைக்க உட்காருவாள். பாதியில் எழுந்து போனால் அந்தத் தட்டை இன்னொருத்தி தொடமாட்டாள். எடுத்தவள் வந்துதான் முடிக்க வேண்டும். எடுத்தவள் வரவே இல்லை என்றால் தட்டை முற்றத்தில் வைத்து, குழாய்கள் தானாகக் கரையும்வரை தண்ணீர் ஊற்றுவார்கள். அதுவரை யாரும் அந்தத் தட்டைத் தாண்டிப் போகமாட்டார்கள்.

"அன்னைக்கு ரூம்ல அக்கா எல்லார்ட்டயும் இந்தக் கேள்வியத்தான் கேட்டாகளாம்" என்றாள் வேல்விழி. "எங்கம்மா, 'எம் மகட்ட கேட்டுச் சொல்லுதேன்'னுருக்கு. 'யாரும் சொல்லப்பிடாது, நாந்தேன் சொல்லணும்'னாகளாம். எங்கம்மா சொல்லுச்சு."

கருப்பம்மாள் சொன்னவற்றில் இது ஒன்றுதான் எனக்குப் பொய்யாகத் தெரியவில்லை.

லட்சுமிகாந்தம் அம்மா கனகசபாபதியைப் பார்த்தார். ஹெட்மாஸ்டர் அவர் காதருகே ஏதோ சொன்னார். அம்மாவின் முகம் மாறியது. என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார். "நீங்களே சொல்லிடுங்க சார். நீங்க சொன்னா அவங்க எழுதுவாங்க. அதுக்கு மேல நான் கேக்கலை."

வகுப்பு நிமிர்ந்து என்னைப் பார்த்தது. இரண்டு வரி. எனக்கு மனப்பாடம்.

வாயைத் திறந்தேன். அப்போது எல்லோருடைய உள்ளங்கையும் தரைக்குப் போனது.

லட்சுமிகாந்தம் அம்மா செருப்போடு நின்றார். கனகசபாபதியும் அப்படித்தான். இருவரும் என்ன என்று சுற்றிலும் பார்த்தார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்து ஷூ லேஸை அவிழ்த்தேன். சாக்ஸைக் கழற்றினேன். பாதங்களைச் சிமெண்டுத் தரையில் வைத்தேன். ஒன்றுமில்லை. தரை குளிர்ந்திருந்தது. பிறகு தட்டியது. ரெண்டு தட்டு. தண்ணீர்க்குடத்தை இறக்கி வைத்து, சரியாக உட்காராததால் தூக்கி மறுபடி வைத்தது போல. பொன்மணி குடத்தை அப்படித்தான் வைப்பாள். எங்கள் அடுப்படித் தரை சமமாக இருக்காது.

பிள்ளைகளோடு சேர்ந்து நானும் எண்ணினேன். அதிகாரி முன்னால் வாய்விட்டே எண்ணினேன். சத்தம் வரவில்லை.

"சார்" என்றாள் வேல்விழி. "பரீட்சைக்கு வந்தா நாங்க என்ன செய்ய?"

அவள் அழவில்லை. நியாயமான கேள்வி.

"இன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் பாப்போம்" என்றேன். "வரலைன்னா நாளைக்குக் காலைல நானே சொல்லீருதேன். எல்லாரும் எழுதிக்கிடணும்."

"அக்கா கோவிக்க மாட்டாகளா?"

"நான் சொல்லிக்கிடுதேன்."

லட்சுமிகாந்தம் அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த வகுப்புக்குப் போனார். கனகசபாபதி என் தோளைத் தொட்டார். கம்பெனியில் தகட்டைத் தொடுவது போல உள்ளங்கையை முழுதாக வைத்து எடுத்தார்.

ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். தாயில்பட்டி ரோட்டில் கம்பெனி வேன்கள் எதிரே வந்தன. பெண்கள் இறங்கி, கை கழுவாமல், சேலையில் வெள்ளிப் பொடி மின்ன நடந்து போனார்கள். கருப்பம்மாள் என் காலைப் பார்த்தாள்.

"என்ன சார், செருப்பில்லாம போறீக? சாப்பிட்டீகளா?"

"சாப்பிடணும்."

வீட்டைத் திறந்தேன். விளக்குப் போடவில்லை, வெளிச்சம் இருந்தது. காலையில் ஷூ போடும் இடத்தில் உட்கார்ந்து பாதங்களைத் தரையில் வைத்தேன். அடுப்படியில் குடம் வைத்த இடத்திலேயே இருந்தது. காலையில் நான் நிரப்பி வைத்தது. கேள்வியை மறுபடி கேட்கவில்லை. ஒரு தடவை கேட்டால் போதும் என்பாள்.

வெயில் வாசற்படியை விட்டு இறங்கும் நேரத்தில் தட்டியது. ரெண்டு தட்டு. பள்ளிக்கூடத்தில் தட்டியதை விடப் பக்கத்தில். எண்ண ஆரம்பித்தேன்.

எண்ணிக்கொண்டிருக்கும்போது எனக்கு ஒன்று தெளிவாக இருந்தது. கருப்பம்மாள் சொன்ன எதுவும் பொன்மணி எனக்குச் சொன்ன கடைசிப் பேச்சு இல்லை. என் காதால் கேட்டது எனக்குத் தெரியும். அன்று காலை வேன் வந்து ஹாரன் அடித்தது. நான் கேள்வியைக் கேட்டேன். பொன்மணி செருப்பை மாட்டிக்கொண்டே யோசித்தாள். பதில் நாக்கு நுனி வரை வந்தது போல இருந்தது. படியில் இறங்கி, திரும்பி என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"நீங்களா சொல்லீராதீக. சாயங்காலம் வந்து நானே சொல்லுதேன்."