ஓஸ்பர்ட் துறவியின் கத்தி

ஜெர்மனியிலுள்ள பான் பல்கலைக்கழக நூலகத்தின் நிலவறையிலிருந்து புத்தகம் எடுத்துக் கொடுப்பது டெனிஸ்டனின் வேலை. பதினைந்து வருடத்தில் ஒரு புத்தகத்தையும் அவன் திறந்து பார்த்ததில்லை, ஓஸ்பர்ட் துறவி வந்து சேரும்வரை.

எழுநூற்றைம்பது வருடங்களுக்கு முன் இங்கிலாந்து மடமொன்றில் வரலாறு எழுதிவைத்தவர் ஓஸ்பர்ட். அவரை ஆராயச் சென்னையிலிருந்து வந்திருந்த அம்பிகா, செவ்வாய்தோறும் அவர் எழுதிய அந்தப் பெரிய புத்தகத்தைக் கேட்பாள்.

"மடாதிபதி மேல செம கோபம் அங்கிள் இவருக்கு. இவர் வரைஞ்ச படத்தையெல்லாம் அந்த ஆளு தன் பேர்ல ராஜாகிட்ட குடுத்துட்டான். 'முதலில் வயிறு வந்தது, சற்றுக் கழித்து மடாதிபதி வந்தார்'னு எழுதியிருக்கார் பாருங்க."

டெனிஸ்டனுக்கும் ஒரு மடாதிபதி இருந்தார்.

எண்பத்தாறில் அங்கே தேவாலயம் ஒன்றில் ஈழத்தமிழர்களுக்குத் தமிழ்ப் பூசை தொடங்கியபோது பாட்டுப் புத்தகம் இல்லை. ஹோட்டலில் துப்புரவு வேலை முடித்து வந்து, இருநூற்றுப் பன்னிரண்டு பாட்டுகளை நினைவிலிருந்தே கையால் எழுதினாள் அவன் மனைவி எவ்லின். அதை நகலெடுத்துத்தான் எல்லோரும் பாடினார்கள். பத்தாம் ஆண்டு மலரில் அந்தப் புத்தகத்துக்கு 'தொகுப்பு: சபைத் தலைவர் அருட்பிரகாசம்' என்று அச்சானது. "பாட்டு ஆண்டவருக்குத்தானே," என்று எவ்லின் சிரித்தாள். அதன்பிறகு கோவிலில் அவள் உதடு மட்டுமே அசைந்தது, குரல் வரவில்லை. ஐந்து வருடத்தில் கண்ணை மூடிவிட்டாள்.

அன்றிலிருந்து டெனிஸ்டன் பழிவாங்கிக்கொண்டிருந்தான். அதாவது, அருட்பிரகாசத்தைக் கண்டதும் முந்திக்கொண்டு "சுகமோ அண்ணை?" என்று கைகொடுப்பான்.

இருபதாம் ஆண்டு மலருக்கு அருட்பிரகாசமே தொலைபேசி எடுத்தார். "நீர் புத்தகங்களுக்கை இருக்கிற ஆள். சபையின்ரை வரலாற்றை நீரே எழுதும். என்ரை படம் முதல் பக்கத்திலை வரட்டும்."

டெனிஸ்டன் ஏழு பக்கம் எழுதினான். மூன்று பக்கம் வயிற்றைப் பற்றியது. திரும்ப வாசித்தபோது, தலைவருக்குச் சலரோகம், சர்க்கரை வியாதி, என்பது நினைவுக்கு வந்து தொலைத்தது. அந்த மூன்றையும் கிழித்தான். எவ்லினின் பாட்டுப் புத்தகம் பற்றிய பந்தியில் மட்டும் கை வைக்கவில்லை.

வாசித்துப் பார்த்த தலைவர் விரலை அதிலேயே வைத்தார். "இந்தப் பந்தியை எடும். விழா நேரத்திலை ஏன் மனஸ்தாபம்?"

"ஓம் அண்ணை," என்றது டெனிஸ்டனின் வாய். அந்த வாயை அறையலாம்போல் இருந்தது அவனுக்கு.

அடுத்த செவ்வாய் அம்பிகா ஓஸ்பர்ட்டின் ஓரக்குறிப்பு ஒன்றைக் காட்டினாள். வயிற்று வசனத்தின் பக்கத்தில் சிவப்பு மை: 'இதை நீக்குக, மனம் நோகும்.'

"இது யார் எழுதினதுன்னுதான் சண்டையே. மடாதிபதியோட ஆளுன்னு பாதிப் பேர் சொல்றாங்க. நான் ஓஸ்பர்ட்தான்னு சொல்றேன். அவர் கையிலேயே கத்தி இருந்துச்சு அங்கிள். தோல் ஏட்டைச் சுரண்டினா எழுத்து போயிடும். ஆனா சுரண்டலையே. 'நீக்கு'ன்னு எழுதிட்டா எல்லாரும் முதல்ல அதைத்தான் படிப்பாங்கன்னு தெரிஞ்சிருக்கு."

"உதுக்கு ஆதாரம் இருக்கோ பிள்ளை?"

"இல்ல. யாரும் ஒத்துக்க மாட்டாங்க."

"நான் ஒத்துக்கொள்ளுறன்," என்றான் டெனிஸ்டன்.

விழாவன்று பூசை முடிந்து மண்டபத்தில் மலர் கைக்குக் கை மாறியது. முதல் பக்கத்துத் தலைவரிடம் யாரும் தங்கவில்லை. ஒன்பதாம் பக்கத்தில் பாதி வெறுமை, அதன் நடுவே சிவப்பில் ஒரு வசனம்: 'பாட்டுப் புத்தகத்தைக் கையால் எழுதியவர் யார் என்ற பந்தி, தலைவரின் மனம் நோகாதிருக்க, அவர் கேட்டபடி நீக்கப்பட்டது.'

மடிகளில் பழைய பாட்டுப் புத்தகங்கள் திறந்தன. அருட்பிரகாசம் மூச்சிரைக்க வந்தார். "என்ன வேலை பாத்து வைச்சிருக்கிறீர்?"

"எடுக்கச் சொன்னீங்கள். எடுத்திட்டன் அண்ணை."

அதற்குள் அவருடைய மனைவி பிறேமா பாட்டுப் புத்தகத்தோடு வந்துவிட்டாள். "உது எவ்லின்ரை எழுத்தெல்லே. எங்கடை பிள்ளையின்ரை ஞானஸ்நான அழைப்பிதழும் அவள்தானே எழுதித் தந்தவள். நீங்கள் எப்ப எழுதினனீங்கள்?"

"இல்லையப்பா, நான் தொகுத்து..."

"அதை மைக்கிலை போய்ச் சொல்லுங்கோ. சொல்லிப்போட்டு வீட்டை வாங்கோ."

எல்லோரும் மைக்குப் பக்கம் திரும்பினார்கள். டெனிஸ்டன் சிற்றுண்டித் தட்டிலிருந்து ஒரு றோல்ஸை எடுத்துக் கடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றான். மைக்கடிக்கு முதலில் வயிறு போனது. சற்றுக் கழித்து அருட்பிரகாசம் போய்ச் சேர்ந்தார்.

"பாட்டுப் புத்தகம் எழுதினது..." என்றார். மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "எவ்லின்."

"கேக்கேல்லை அண்ணை," என்றான் டெனிஸ்டன், பின்வரிசையிலிருந்து, "இன்னொருக்காச் சொல்லுங்கோ."