அவள்தான் கொடுத்தாள்

முந்நூறு வருடத்துக்கு முன்னால் ஒரு கிறிஸ்தவ மதகுருவின் மனைவி எழுதிவைத்த நூற்றுப் பன்னிரண்டு பாட்டுகளை, பூச்சி தின்றது போக மீட்டெடுக்க எனக்கு ஒன்பது வருடம் ஆனது. அதைத் தன் பெயரில் போட்டுக்கொள்ள எங்கள் துறைத்தலைவருக்கு ஒரு மதியம் போதுமாக இருந்தது.

நான் பல்கலைக்கழகத்தில் பழைய கையெழுத்துப் பிரதிகள் பிரிவில் உதவி ஆய்வாளர். ஜன்னல் இல்லாத அறை, ஒரு மேஜை விளக்கு, ஒரு பூதக்கண்ணாடி. மூக்கில் துணி கட்டிக்கொண்டு ஒரு நாளைக்கு நாலு வரி படித்தால் அது நல்ல நாள்.

அந்த அம்மாள் லேசுப்பட்டவள் இல்லை. ஆணும் பெண்ணும் சமம் என்று நேராகச் சொல்லியிருந்தால் வீட்டை விட்டே துரத்தியிருப்பார்கள். அதனால் கும்பிட்டுக்கொண்டே காலை வாரினாள். வேதக் கதைகளை எடுத்துக்கொண்டு ஆண்களைப் புகழ்வாள். அவள் புகழப் புகழ அவர்கள் மானம் போகும். பெருவெள்ளத்தில் பேழை ஓட்டியவனை ஒரு வரியில் வாழ்த்திவிட்டு அவன் மனைவியிடம் வருவாள். அத்தனை மிருகங்களுக்கும் தீனி போட்டுச் சாணி அள்ளியவளுக்குப் பெயர் எதற்கு, கூப்பிட்டால் வர அவளுக்கு நேரம் ஏது என்று கேட்பாள். முதல்முறை அதைப் படித்தபோது அந்த அறையில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

இதையெல்லாம் விளக்கி நாற்பது பக்க முன்னுரை எழுதினேன். அட்டையில் என் பெயர் வரும் என்று தலைவர் தன் வாயால் சொல்லியிருந்தார். அச்சுப்படி வந்தபோது அட்டையில் அவர் பெயர் மட்டும் இருந்தது. நன்றியுரையில் அச்சகத்தாருக்கும் அட்டை ஓவியருக்கும் கீழே, பெயர்கூட இல்லாமல், 'உதவிய பெண்மணி' என்று கிடந்தேன். என் முன்னுரை போன இடம் தெரியவில்லை. அவரே மூன்று பக்கம் எழுதியிருந்தார். பெண்கள் ஆணுக்கு அடங்கி நடக்கும் அழகைக் கவிஞர் உருகி உருகிப் பாடியிருக்கிறாராம்.

அச்சுப்படியோடு அவர் அறைக்குப் போனேன். ஒரே ஒரு தடவை சொன்னேன்.

"சார், அந்தம்மா ஆம்பளைங்களைக் கிண்டல் பண்றாங்க."

"சாமி கதையில என்னம்மா கிண்டல்? நீ எழுத்துப்பிழை மட்டும் பாரு."

பார்த்தேன். அந்த மூன்று பக்கத்தில் ஒரு புள்ளி பிசகவில்லை.

அன்று வீட்டில் அக்காவிடம் கொட்டித் தீர்த்தேன். தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே எல்லாவற்றையும் கேட்டாள். "சொல்லிட்டேல்ல? இனிமே அது அவர் பாடு" என்றாள். அந்த ஒரு வார்த்தை எனக்குப் போதும்.

தலைவர் தன் புத்தகத்தையும் படிக்கமாட்டார். விழா என்றால் எந்தப் பக்கத்தில் நான் துண்டுச்சீட்டு வைக்கிறேனோ அதைத் திறந்து மேடையில் முழங்குவார். வெளியீட்டு விழாவுக்கு ஒரே ஒரு சீட்டு போதும் என்று முடிவு செய்தேன். எந்தப் பக்கம் என்று யோசிக்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

அரங்கம் நிறைந்திருந்தது, பாதிக்கு மேல் பெண்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"எங்கே இருக்கிறாய் என்று இறைவன் கேட்டபோது
மரத்தின் பின்னே ஒளிந்திருந்தான் மாவீரன்.
கனி தின்ற வாயைத் துடைத்துக்கொண்டு
அவள்தான் கொடுத்தாள் என்று விரல் நீட்டினான்.
ஆளப் பிறந்தவன் அல்லவா, தோழியரே,
அஞ்சி அடங்குவோம்."

சிரிப்பு எழுந்தது. ரசிக்கிறார்கள் என்று நினைத்து இன்னொரு தடவை, இன்னும் உருக்கமாக வாசித்தார். சிரிப்பு இரண்டு மடங்கானது. மூன்றாவது வரிசையில் ஒரு பள்ளி ஆசிரியை எழுந்தார். கவிஞர் பெண்களுக்கு அடக்கம் போதிக்கிறார் என்று முன்னுரையில் எழுதியிருக்கிறீர்களே, எந்தப் பாட்டில் என்று மரியாதையாகக் கேட்டார்.

தலைவர் பக்கங்களைப் புரட்டினார். முன்னும் புரட்டினார், பின்னும் புரட்டினார். கடைசியில் மேடை ஓரத்தில் நின்ற என்னை நோக்கிக் கையை நீட்டினார்.

"குறிப்பெல்லாம் இவங்கதான் கொடுத்தாங்க."

நீட்டிய விரல் அப்படியே நின்றது. அரங்கமே வெடித்துச் சிரித்தது. ஆண்களும் சேர்ந்து சிரித்தார்கள். எனக்குப் பாவமாக இருந்ததா என்றால், இல்லை. ஒன்பது வருடத்துத் தூசியை ஒரே தும்மலில் வெளியே தள்ளியதுபோல் இருந்தது.

மறுநாள் காலை தலைவர் கூப்பிட்டு அனுப்பினார். முதல்முறையாக உட்காரச் சொன்னார். பத்திரிகைகள் அவர் முன்னுரையை நார் நாராகக் கிழித்திருந்தன.

"அடுத்த பதிப்புல அட்டையிலயே உன் பேரைப் போட்டுடலாம்மா. முன்னுரை நாம ரெண்டு பேரும் சேர்ந்து எழுதினதா இருக்கட்டும்."

பொய் சொல்லக்கூடாது, ஆசையாகத்தான் இருந்தது. அந்த அட்டையில் என் பெயரை எத்தனையோ முறை மனசுக்குள் எழுதிப் பார்த்தவள் நான். இப்போது வேண்டாம் என்றால் இனி எப்போதும் கிடையாது என்று தெரியும். எழுந்து நின்று, நாற்காலியைச் சத்தம் வராமல் உள்ளே தள்ளினேன்.

"அது முழுக்க நீங்களே எழுதினது சார். அடுத்தவங்க உழைப்புல நான் எப்படி என் பேரைப் போட்டுக்குவேன்?"