சிறகில் நின்ற மழை

கிளிஃப்பை மாட்டிவிட்டது போலீஸ் அல்ல. கூடப் பிறந்த அக்கா மேவிஸ்தான். இன்ஸ்பெக்டர் ஹாட்ஃபீல்ட் கேட்டார், அவள் வாயைத் திறந்தாள்.

"அந்தச் சிறகு முழுசும் ஒட்டி முடிக்க எவ்வளவு நேரம் ஆகும்மா?"

"மிஸ் ஆல்சாப் கைக்கே சாயங்காலம் பூரா ஆகும் சார். ஒவ்வொரு இதழா வைக்கணும். அந்தம்மா அவசரப்படற ஆளே இல்ல."

இன்ஸ்பெக்டர் பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டார். தன் தம்பியின் கழுத்துக்குத் தானே கயிறு எடுத்துக் கொடுத்துவிட்டோம் என்பது அவர் போன பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

நடந்தது இதுதான். ஆல்டர்வெல் கிராமத்து ஊற்றுக்கு ஜூன் மாதம் பூப்படம் வைப்பார்கள். பெரிய பலகை முழுக்க ஈரக் களிமண் பூசி, அதில் இதழும் பாசியும் மரக்காயும் அழுத்தி ஒரு படம் செய்து, ஊற்றின் தலைமாட்டில் நிறுத்துவார்கள். இந்த வருஷம் ஒரு தேவதை. அந்த வேலைக்கு மகாராணி மிஸ் ஆல்சாப். கல்யாணம் ஆகாதவள், ஊரிலேயே பெரிய வீட்டுக்காரி, நாக்கு மட்டும் சவரக்கத்தி.

வியாழக்கிழமை சாயங்காலம் மேவிஸின் 'கருங்கிடாய்' மதுக்கடையில் பக்கத்து ஊரோடு டார்ட்ஸ் அம்பெறியும் போட்டி. களஞ்சியத்தில் அந்தப் படத்துக்கு வேலை செய்த எல்லோரும் அங்கே போனார்கள். அப்போது தேவதையின் வலது சிறகு வெறும் மண். "நான் பாத்துக்கறேன், எல்லாரும் போய்க் குடிச்சுத் தொலைங்க" என்று மிஸ் ஆல்சாப் துரத்திவிட்டாள். போட்டி முடிந்து களஞ்சியத்தைப் பூட்டப் போனான் கிளிஃப். அவள் களிமண் வாளி ஓரமாகக் குப்புறச் செத்துக் கிடந்தாள். பக்கத்தில் மண் இடிக்கும் கட்டை. பலகையில் சிறகு வெள்ளை வெளேரென்று முழுதாக இருந்தது.

சிறகு முடிந்திருக்கிறது என்றால் அவள் சாயங்காலம் பூரா உயிரோடு இருந்திருக்கிறாள். அந்த நேரத்தில் ஊரே கடையில் இருந்தது. கடைசியில் களஞ்சியத்துக்குப் போனவன் கிளிஃப் ஒருவன்தான். போதாக்குறைக்கு, அன்று மத்தியானம் அவன் ஒட்டிய பாசியைப் பார்த்து "பூனை கக்கி வெச்ச மாதிரி இருக்கு" என்றாள் மிஸ் ஆல்சாப். அவன் ஒரு கைப்பிடிக் களிமண்ணை அவள் தொப்பியில் அடித்து, "உன்னை இதுலயே பொதைக்கிறேன் பார்" என்று கத்தினான். இருபது பேர் கேட்டார்கள்.

சனிக்கிழமை காலை. கிளிஃப் கான்ஸ்டபிள் வீட்டுத் துணி துவைக்கும் அறையில் பூட்டப்பட்டிருந்தான். மத்தியானம் நகரத்திலிருந்து கார் வரும். கார் ஏறினால் விசாரணை, விசாரணை முடிந்தால் தூக்கு. பன்னிரண்டு ஜூரிகள் அவனுடைய முகத்தைப் பார்த்தாலே போதும், அது பொய் சொல்கிற முகம். நிஜத்தில் அவனுக்குப் பொய் சொல்லவே வராது.

ஊற்றை ஆசீர்வதிக்க அன்று பிஷப் வருவதாக இருந்தது, ஊர் விழாவை நிறுத்தவில்லை. போலீஸ் பலகையைப் புகைப்படம் எடுத்துக்கொண்டது, ஆண்கள் பலகையைத் தூக்கி ஊற்றடியில் நிறுத்தினார்கள். செத்தவளே அதைத்தான் கேட்டிருப்பாள் என்று சொல்லிக்கொண்டார்கள். விடியற்காலையில் மழை பிடித்து, விட்டது. மேவிஸ் தூங்கவில்லை. மறுபடி மழை வருவதற்குள் படத்தை மூடலாம் என்று தார்ப்பாயோடு ஊற்றுக்குப் போனாள்.

போனவள் அப்படியே நின்றாள்.

தேவதையின் முகம், அங்கி, இடது சிறகு எல்லாம் கழுவிவிட்டது போலப் பளபளத்தன. மழை வழிந்து ஓடியிருந்தது. வலது சிறகு மட்டும் ஊறி, உப்பி, தொங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு இதழும் சின்னக் கிண்ணம் மாதிரி நீரைப் பிடித்து வைத்திருந்தது. அவள் விரலால் ஒரு இதழைத் தூக்கினாள். அடுத்ததைத் தூக்கினாள். அதற்கடுத்தது. தார்ப்பாயைச் சேற்றில் எறிந்துவிட்டு ஓடினாள்.

இன்ஸ்பெக்டர் அவள் கடையிலேயே உட்கார்ந்து பன்றி வறுவலும் முட்டையும் தின்றுகொண்டிருந்தார்.

"சார், முட்டையை விடுங்க! வாங்க என்கூட!"

"சூடா இருக்கும்மா."

"நான் வேற சுட்டுத் தர்றேன், பத்து சுட்டுத் தர்றேன், எழுந்திருங்க!"

கழுத்தில் கைத்துண்டோடு அவர் மூச்சிரைக்க ஊற்றடிக்கு வந்தார். மேவிஸ் இடது சிறகைக் காட்டினாள்.

"இதைப் பாருங்க. கூரைக்கு ஓடு வேயற மாதிரி. கீழ் வரிசைய முதல்ல வெச்சு, மேல் வரிசை அது மேல படியணும். அப்பதான் தண்ணி வழிஞ்சு போகும். இப்ப இதப் பாருங்க."

வலது சிறகில் கீழ் இதழ், மேல் இதழின் மீது ஏறிக் கிடந்தது. வரிசைக்கு வரிசை அப்படியே.

"உச்சியிலேர்ந்து ஆரம்பிச்சு கீழ வந்திருக்கான் சார். பெரிய பெரிய இதழா அப்பியிருக்கான். இப்படி அப்பினா ஒரு மணி நேரத்துல முடிச்சுடலாம்."

இன்ஸ்பெக்டர் குனிந்தார். துண்டைக் கழற்றினார். "வயசானவங்க. களைப்புல மாத்தி வெச்சிருக்கலாமே?"

"மிஸ் ஆல்சாப்பா? செத்து எழுந்து வந்தாலும் கீழேர்ந்துதான் ஆரம்பிப்பாங்க."

"உங்க தம்பி?"

"பாசிய அசிங்கமா ஒட்டுவான். ஆனா கீழேர்ந்து ஒட்டுவான். இந்த ஊர்ல நடக்கத் தெரிஞ்ச குழந்தைக்கு அடுத்ததா கத்துக்குடுக்கறது இதைத்தான்."

அவர் கண்கள் சுருங்கின. "அப்படின்னா அந்தம்மா சீக்கிரமே செத்துட்டாங்க. எல்லாரும் களஞ்சியத்தை விட்டுப் போன உடனே. எவனோ சிறகை முடிச்சுட்டு, நிதானமா வந்து உங்க கடையில பீர் குடிச்சிருக்கான். இங்க வளராதவன். யாரு இருக்கா?"

"நீங்க. அப்புறம் பாதிரியார். ஆனா பாதிரியார் போட்டி தொடங்கறதுக்கு முன்னாடியே வந்து கரும்பலகையில எண்ணிக்கை எழுதிட்டிருந்தார்."

"வேற?"

"வேற யாரும் இல்ல சார்."

சொல்லும்போதே பின்னால் குரல் கேட்டது. பித்தளை வாத்தியக் கோஷ்டி வந்துகொண்டிருந்தது. நடுவில், கையில் துக்கத்துக்குக் கட்டிய கறுப்புப் பட்டியோடு ரெஜி ஆல்சாப். மிஸ் ஆல்சாப்பின் அண்ணன் மகன். பன்னிரண்டு வயதில் அப்பாவோடு கனடாவுக்குக் கப்பலேறியவன், போன குளிர்காலத்தில் தனி ஆளாகத் திரும்பி வந்தவன். அத்தைக்கு ஒரே வாரிசு.

"சின்ன வயசுல அத்தை மடியில உக்காந்து இந்த மாதிரி எத்தனை சிறகு ஒட்டியிருப்பேன்!" என்று பெரிய மேளத்தைச் சுமந்த மேளக்காரரிடம் சொல்லிக்கொண்டு வந்தான்.

மேவிஸ் திரும்பி அவன் விரல்களைப் பார்த்தாள். இந்த வாரம் முழுக்க அவன் களிமண் மிதித்தான், வாளி தூக்கினான். ஒரு இதழையும் தொடவில்லை. கனடாக் குளிரில் விரல் மரத்துவிட்டதாம். ஆனால் வியாழக்கிழமை போட்டிக்குத் தாமதமாக வந்து, அதே விரலால் அம்பை நடு மையத்தில் எறிந்தான்.

"சார்," என்றாள் உதட்டை அசைக்காமல், "ஒரு நிமிஷம் குறுக்க வராதீங்க."

பலகையடியில் இருந்த இதழ்க் கூடையை எடுத்துக்கொண்டு நேரே போனாள். "ரெஜி! நல்லவேளை வந்தீங்க. மழையில சிறகு நாசமாப் போச்சு. பிஷப் வர்ற நேரம். அத்தை பேருக்கு நீங்களே ஆரம்பிச்சு வையுங்க."

"என் விரல்..."

"நாலே இதழ். ஊர் பாக்கட்டும்."

ஊர் பார்த்தது. கொல்லர் ஈனக் வந்தார், கான்ஸ்டபிள் வந்தார், பெண்கள் குடையை மடக்கிக்கொண்டு சுற்றி நின்றார்கள். மேவிஸ் கெட்டுப்போன இதழ்களைச் சரசரவென்று வழித்தெடுத்து மண்ணைத் தடவிவிட்டாள். அவன் தப்பித்தவறிக் கீழே கை வைத்துவிட்டால் கிளிஃப் செத்தான்.

ரெஜி தொண்டையைச் செருமிக்கொண்டான். ஒரு வெள்ளை இதழை எடுத்தான். கை மேலே போனது. சிறகின் உச்சியில் வைத்து அழுத்தினான். அடுத்ததை அதன் கீழே, விளிம்பு ஏறும்படி வைத்தான்.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அடேய்," என்றார் ஈனக், "மேலேர்ந்தா வைக்கற?"

"அத்தை இப்படித்தான் சொல்லிக்குடுத்தாங்க," என்றான் ரெஜி சிரித்தபடி. மூன்றாவது இதழை எடுத்தவன் சுற்றிப் பார்த்தான். சிரிப்பு அறுந்தது. எதைத் தப்பாகச் செய்தான் என்று அவனுக்குத் தெரியவில்லை, ஆனால் அத்தனை முகத்திலும் அது இருந்தது.

"நீ யாருடா?" என்றாள் மேவிஸ்.

கூடையை எடுத்து அவள் முகத்தில் எறிந்துவிட்டு ஓடினான். வெள்ளை இதழ்கள் பறந்தன. கான்ஸ்டபிள் சறுக்கி விழுந்தார். ஈனக் தடியை நீட்டினார், தவறியது. பாதை ஓரத்தில் நின்ற மேளக்காரருக்கு யோசிக்க நேரமில்லை, கையில் இருந்ததை அப்படியே முன்னால் பிடித்தார். ரெஜி தலை மேளத்துக்குள் போனது. தோல் கிழிந்த சத்தம் தேவாலயம் வரைக்கும் கேட்டது. மேளத்தை மாட்டிக்கொண்டே நாலு எட்டு ஓடி, பலகை ஊறப்போடும் குளத்தில் விழுந்தான். மூன்று பேர் குதித்து அவனை அமுக்கினார்கள். அதில் ஒருவர் பாதிரியார்.

கரையில் உட்காரவைத்ததும் அவன் கக்கினான், முதலில் தண்ணீரை, பிறகு உண்மையை. நிஜ ரெஜி கனடாவில் மரம் வெட்டும் முகாமில் நிமோனியாவில் செத்தவன். இவன் அவன் பக்கத்துக் கட்டில்காரன். குளிர்கால ராத்திரிகளில் அவன் சொன்ன ஊர்க்கதைகளைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டவன். நாய்களின் பெயர் உட்பட எல்லாம் தெரியும்.

"அன்னிக்கு எல்லாரும் போனப்புறம் கிழவி ஒரு தட்டு இதழைக் குடுத்துச்சு. ரெண்டு வரிசை வெச்சேன். உடனே எழுந்து, 'நீ என் அண்ணன் பிள்ளை இல்ல, போலீஸக் கூப்பிடறேன்'னு கதவுப் பக்கம் போச்சு. நான் கட்டையை எடுத்துட்டேன். அப்புறம் சிறகை முடிச்சு வெச்சா நேரம் குழம்பும்னு..." பல் கிட்டியது. "எதை வெச்சுக் கண்டுபிடிச்சுச்சுன்னு எனக்கு இன்னும் தெரியல."

"செத்துப்போனவன் இதை உனக்குச் சொல்லலையா?" என்றார் இன்ஸ்பெக்டர் விலங்கை மாட்டிக்கொண்டே.

"சொல்றதுக்கு என்ன இருக்கு?" என்றார் ஈனக். "நடக்கறது எப்படின்னு யாராவது கதை சொல்வாங்களா?"

மேவிஸ் மீதியைக் கேட்க நிற்கவில்லை. பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கான்ஸ்டபிள் வீட்டுக்கு ஓடினாள், சாவியைக் கான்ஸ்டபிள் மனைவியிடமிருந்து பிடுங்கினாள், கதவைத் திறந்தாள். கிளிஃப் வெந்நீர்த் தொட்டி மேல் உட்கார்ந்து இறைச்சி அப்பம் தின்றுகொண்டிருந்தான். அந்த வீட்டுக்காரி அவனை நன்றாகத்தான் வைத்திருந்தாள்.

"கார் வந்துடுச்சா?" என்றான். முகம் சுண்ணாம்பாக இருந்தது.

"வரும். உனக்கில்ல. ரெஜிக்கு. அவன் ரெஜியே இல்ல. வெளிய வாடா."

அவன் கொஞ்ச நேரம் மென்றான். "நீதானே என்னை மாட்டிவிட்ட?"

"ஆமா."

"ஒரு வருஷத்துக்கு ஓசி பீர்."

"ஒரு வாரம்."

"தூக்குல தொங்க இருந்தவன்கா நான்!"

"சரி, ஒரு மாசம். இப்ப ஓடு. பிஷப் வர்ற நேரமாச்சு, அந்தச் சிறகு மொட்டையா நிக்குது. பெரிய இதழ் எடுத்தே, கையை ஒடிப்பேன்."

தேவாலய மணி அடிக்கத் தொடங்கியது. அப்பத்தின் மீதியைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு கிளிஃப் ஓடினான். அவள் அவனுக்கு முன்னால் ஓடினாள்.