அறுபத்தெட்டு சதவீதம்

சமயநல்லூரில் வாடகைக் கார் ஓட்டும் சிவபாண்டி, மின்சாரக் கார் வாங்கிய கையோடு ஒரு கம்பெனியோடு ஒப்பந்தமும் போட்டிருந்தான். ஊரே மின்சாரத்தை இழுக்கும் மாலை ஆறு மணியிலிருந்து இரவு பத்து மணி வரை காரை இணைப்பில் மாட்டி வைக்க வேண்டும். பேட்டரியில் இருப்பதைக் கம்பெனி வாங்கி மின்கம்பிக்கு அனுப்பும். மாதம் நாலாயிரம். ஒருநாள் பாதியில் கழற்றினாலும் அந்த மாதப் பணம் கிடையாது.

இருபத்தேழாம் தேதி, மணி ஏழு. தங்கை முனீஸ்வரி பேரையூரிலிருந்து கூப்பிட்டாள். அங்கே கோழிக்குஞ்சு பொரிக்கும் சிறு பண்ணை வைத்திருக்கிறாள்.

"அண்ணே, டிரான்ஸ்பார்மர் வெடிச்சிருச்சு. காலையிலதான் கரண்டு வருமாம். ஜெனரேட்டர் கிளம்ப மாட்டேங்குது. பத்தொன்பது நாள் முட்டை, மூவாயிரம் கெடக்கு. மிஷின்ல ஃபேன் நின்னா சூட்டுல குஞ்சு உள்ளேயே செத்துரும்ணே."

"மிஷின் கதவத் தொறந்து வையி. பாக்குறேன்."

காரில் அறுபத்தெட்டு சதவீதம் இருந்தது. கம்பெனி எடுத்தது போகப் பத்து மணிக்கு முப்பதாகிவிடும். அது பேரையூர் போய் வரத்தான் காணும்.

கம்பெனிக்கு அடித்தான். பிருந்தா என்ற பெண் எடுத்தாள்.

"இன்னிக்கு லோடு ரொம்ப அதிகம் சார். கழட்டினா சிஸ்டமே பணத்தக் கட் பண்ணிடும். என் கையில இல்ல."

கார் தவணை ஐந்தாம் தேதி. வாசலில் நின்ற மனைவி சத்யப்ரியாவைப் பார்த்தான்.

"என்னையப் பாத்துட்டே நின்னா அங்க முட்டை வெந்துரும். கெளம்புங்க," என்றாள்.

இணைப்பைப் பிடுங்கினான். ஏசி போடாமல் ஓட்டினான். சட்டை முதுகோடு ஒட்டியது. போய்ச் சேர்ந்தபோது ஐம்பத்து நாலு சதவீதம் இருந்தது.

முனீஸ்வரி இருட்டில் தரையெல்லாம் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். காரிலிருந்து வயரை இழுத்து மாட்டினான். மிஷின் ஒருமுறை உறுமி அணைந்தது.

"என்னண்ணே?" என்றாள் முனீஸ்வரி.

"ஹீட்டரும் சேந்து இழுக்குது. அத அமத்து. ஃபேன் மட்டும் ஓடட்டும்."

மறுபடி மாட்டினான். ஃபேன் சுழன்றது. மிஷினில் சூடு காட்டும் முள் இறங்க அரைமணி நேரம் ஆனது. 

விடிந்து மின்சாரம் வந்தது. இரண்டு நாள் கழித்து இரண்டாயிரத்து நூறு குஞ்சு பொரித்தது. வழக்கமாக இரண்டாயிரத்து ஐந்நூறு வரும். அண்ணனுக்குக் கம்பெனியில் போன நாலாயிரத்தை முனீஸ்வரி நீட்டினாள். தவணையை நினைத்து வாங்கிக்கொண்டான். கூச்சமாகத்தான் இருந்தது.

அடுத்த மாதம் பிருந்தாவிடம், "இனிமே பேட்டரி அறுபது சதவீதத்துக்குக் கீழ போற மாதிரி எடுக்கக் கூடாது," என்றான்.

"அப்படின்னா ரெண்டாயிரம்தான் வரும் சார்."

"அம்புட்டுப் போதும்."